மாணவர் பேரவையில் யாருக்கு நாற்காலி?

2015 டிசம்பரில் ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகம் ஐந்து தலித் ஆய்வு மாணவர்கள்மீது தண்டனை உத்தரவு ஒன்றைப் பிறப்பித்தது. அவர்கள் விடுதியில் தங்கக் கூடாது. நிர்வாகக் கட்டடத்திலும் பொது இடங்களிலும் கூட்டமாக நுழையக் கூடாது. தங்கள் துறை, நூலகம், கருத்தரங்கு ஆகியவற்றுக்கு மட்டும் போய்வரலாம். இவற்றோடு இன்னொரு விலக்கும் அந்த உத்தரவில் இருந்தது: மாணவர் பேரவைத் தேர்தலில் பங்கேற்கக் கூடாது.

ஐவரும் வளாகத்தின் கடைப் பகுதியில் கூடாரம் போட்டுத் தங்கினார்கள். அவர்களில் ஒருவரான ரோஹித் வெமுலா 2016 ஜனவரி 17 அன்று தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அதன்பின் நாடு முழுக்க விடுதி நீக்கம் பற்றி, ஆய்வு உதவித்தொகை நிறுத்தம் பற்றி, அமைச்சர்களின் கடிதங்கள் பற்றிப் பேசினோம். தேர்தல் விலக்கு அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது. ஆய்வைத் தொடர விட்ட நிர்வாகம், ஓட்டுக் கேட்க விடவில்லை. மாணவர் பேரவை வெறும் விளையாட்டுக் களம் என்றால் அதிலிருந்து ஐந்து பேரைத் தள்ளிவைக்க ஒரு பல்கலைக்கழகம் மெனக்கெட வேண்டியதில்லை. பேரவைப் பதவியில் இருப்பது என்ன, அது விளிம்பில் நிற்கும் மாணவர்களுக்கு எதைத் தர முடியும், அதை அடைய அவர்கள் எதையெல்லாம் தாண்ட வேண்டியிருக்கிறது, தமிழ்நாட்டில் அது ஏன் கிட்டத்தட்ட இல்லாமலே போனது என்பவற்றைச் சேர்த்துப் பார்ப்பதே இந்தக் கட்டுரையின் வேலை.

கல்லூரி வாசலைத் தாண்டுவோர் எண்ணிக்கை கூடியிருக்கிறது, மறுக்க முடியாது. 2021-22ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, கல்லூரி வயதில் இருக்கும் இளைஞர்களில் சேர்க்கை விகிதம் நாட்டளவில் 28.4 சதவீதம், பட்டியல் சாதியினரிடையே 25.9, பழங்குடியினரிடையே 21.2. தமிழ்நாட்டின் மொத்த விகிதம் 47. அப்பா அம்மா கையெழுத்துப் போடக்கூடத் தெரியாதவர்களாக இருக்கும் வீட்டிலிருந்து பிள்ளைகள் முதுகலைவரை வருகிறார்கள். ஆனால் சேர்வது வேறு, தங்கிப் படித்து முடிப்பது வேறு. மத்தியப் பல்கலைக்கழகங்கள், ஐ.ஐ.டி.கள், ஐ.ஐ.எம்.களிலிருந்து ஐந்தாண்டுகளில் பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட வகுப்பு மாணவர்கள் 13,000 பேருக்கும் மேல் இடையில் வெளியேறியதாக 2023 டிசம்பரில் ஒன்றிய அரசே நாடாளுமன்றத்தில் சொன்னது. பலர் வேறு படிப்புக்கு மாறிப் போகிறார்கள் என்பது அரசின் விளக்கம். சிலர் அப்படிப் போகவும் செய்திருப்பார்கள். அதற்காகச் சாதி வளாகத்துக்குள் இல்லை என்று சொல்லிவிட முடியாது. டெல்லி எய்ம்ஸில் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்கள் எப்படி நடத்தப்படுகிறார்கள் என்று சுகதேவ் தோரட் தலைமையிலான குழு விசாரித்து 2007இல் அறிக்கை தந்தது. ஆசிரியர்கள் காட்டும் பாராமுகம், விடுதியில் ஒதுக்கிவைப்பு, விளையாட்டிலும் விழாக்களிலும்கூடத் தள்ளிவைப்பு எல்லாம் அதில் பதிவாகியிருக்கின்றன.

இந்த இடத்தில் தேர்தல் எதைச் செய்யும்? ஓர் எளிய நிலைமையை எடுத்துக்கொள்வோம். பட்டியல் சாதி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையில் ஒன்றிய அரசின் பங்கு 60 சதவீதம், மாநிலத்தின் பங்கு 40. ஒன்றியப் பங்கு மாணவரின் வங்கிக் கணக்குக்கே நேராக வரும். வந்த ஏழு நாளுக்குள் அவர் கல்லூரியில் கட்ட வேண்டும். பணம் எப்போது வரும் என்பதுதான் யாருக்கும் தெரியாது. நவம்பரில் செமஸ்டர் தேர்வு. பீஸ் கட்டாதவருக்கு ஹால் டிக்கெட் இல்லை என்று அலுவலகம் சொல்கிறது. மாணவர் ஸ்காலர்ஷிப் செக்‌ஷனுக்குப் போகிறார்; துறைத் தலைவரிடம் கடிதம் வாங்கி வரச் சொல்கிறார்கள். துறைத் தலைவர் முதல்வரைப் பார்க்கச் சொல்கிறார். முதல்வர் அறையின் வாசலில் நிற்கும்போது, வட்டிக்கு வாங்கியாவது கட்டிவிடலாம் என்று ஊரில் அம்மா போனில் சொல்கிறார். அந்த மாணவர் தனியாக அந்த வாசலில் நிற்பதற்கும், அதே பிரச்சினையில் சிக்கிய எல்லோருடைய பெயர்ப் பட்டியலோடு பேரவைச் செயலாளர் பதிவாளரின் அறைக்குள் உட்கார்ந்து பேசுவதற்கும் இடையே உள்ள தூரம்தான் நாம் பேசும் விஷயம். முன்னது கெஞ்சல். பின்னது கணக்குக் கேட்பது.

இது நான் கற்பனையில் ஊதிப் பெருக்கும் விஷயமும் இல்லை. 2018 பிப்ரவரியில் டாடா சமூக அறிவியல் கழகத்தில், இந்த உதவித்தொகை பெறும் மாணவர்களுக்கு இருந்த விடுதி, உணவுக் கட்டணச் சலுகையை நிர்வாகம் விலக்கியபோது, மும்பை, துல்ஜாபூர், குவாஹாட்டி, ஹைதராபாத் ஆகிய நான்கு வளாகங்களிலும் மாணவர்கள் வகுப்பைப் புறக்கணித்தார்கள். அழைத்தது தேர்ந்தெடுக்கப்பட்ட மாணவர் பேரவை. சண்டிகரில் பஞ்சாப் பல்கலைக்கழகத்தின் முதல் பெண் பேரவைத் தலைவராக 2018 செப்டம்பரில் கனுப்ரியா வென்றார். அந்த ஆண்டு முடிவதற்குள், நீண்ட தர்ணாவுக்குப் பின், பெண்கள் விடுதியின் இரவுக் கதவடைப்பு முடிவுக்கு வந்தது. மற்ற பல்கலைக்கழகங்களில் பெண்கள் ஆண்டுக்கணக்கில் மனுக் கொடுத்துக்கொண்டிருந்த கோரிக்கை அது.

எல்லாவற்றையும்விட நீண்ட பலன் தந்தது டெல்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் (ஜே.என்.யூ.) பின்தங்கிய நிலை மதிப்பெண் முறை. பின்தங்கிய மாவட்டத்திலிருந்து வரும் மாணவருக்கு நுழைவுத் தேர்வில் சில மதிப்பெண்களைக் கூட்டிக் கொடுக்கும் ஏற்பாடு இது. 1983 மாணவர் போராட்டத்துக்குப் பிறகு நிர்வாகம் அதைக் கைவிட்டது. பத்தாண்டு கழித்து, மாணவர் பேரவை தொடர்ந்து அழுத்தம் கொடுத்ததால் 1990களின் நடுவில் அது மீண்டும் வந்தது. ஒடிசாவின், பிகாரின் உள்மாவட்டங்களிலிருந்து ஒரு தலைமுறை மாணவர்கள் டெல்லிக்கு வந்து படித்ததில் அந்தச் சில மதிப்பெண்களுக்குப் பங்கு உண்டு. இப்படி ஒன்றைக் கருணையுள்ள ஒரு துணைவேந்தரும் செய்யலாம். ஆனால் அடுத்தவர் வந்தால் எடுத்துவிடுவார். ஆண்டுதோறும் ஓட்டுக் கேட்க வேண்டிய பேரவை இருந்தால்தான் அதை யாராவது காவல் காப்பார்கள்.

சட்டமும் இதை ஒரு பக்கம் ஏற்கிறது, இன்னொரு பக்கம் மறுக்கிறது. பாலியல் துன்புறுத்தல் குறித்த பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015ஆம் ஆண்டு விதிகள், மாணவர் சம்பந்தப்பட்ட புகார்களை விசாரிக்கும் உள்ளகக் குழுவில் இளநிலை, முதுநிலை, ஆய்வு மாணவர் மூவர் இருக்க வேண்டும் என்கின்றன. அவர்கள் வெளிப்படையான ஜனநாயக முறையில் தேர்ந்தெடுக்கப்பட வேண்டும் என்றும் சொல்கின்றன. ஆனால் அதே மானியக் குழுவின் பாகுபாட்டுக்கு எதிரான 2012 விதிகள், புகாரைப் பேராசிரியர் நிலையிலுள்ள ஓர் அலுவலரிடம் ஒப்படைத்தன. 2023இல் வந்த மாணவர் குறைதீர்ப்பு விதிகளிலோ மாணவர் பிரதிநிதி வெறும் சிறப்பு அழைப்பாளர். அவரும் மதிப்பெண், விளையாட்டு, கலை நிகழ்ச்சித் திறமை ஆகியவற்றின் பேரில் நியமிக்கப்படுபவர். நன்றாக ஓடும் மாணவரைக் குறை சொல்லவில்லை. ஆனால் சாதிப் பெயர் சொல்லித் திட்டப்பட்ட ஒரு முதலாண்டு மாணவி, நிர்வாகம் பொறுக்கியெடுத்த ஒருவரை நம்பி வாயைத் திறப்பாரா? தனக்காக ஓட்டுக் கேட்டு வந்தவர், அடுத்த முறையும் முகத்தைக் காட்ட வேண்டியவர் என்றால் திறக்க வாய்ப்புண்டு.

சரி, நிற்கலாம் என்று ஒருவர் முடிவெடுத்தால் முதலில் எதிரே நிற்பது லிங்டோ குழுவின் விதிகள். முன்னாள் தலைமைத் தேர்தல் ஆணையர் ஜே.எம். லிங்டோ தலைமையிலான குழு 2006இல் அறிக்கை தந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அதை நாடு முழுக்க நடைமுறைப்படுத்தச் சொன்னது. வேட்பாளர் ஒருவருக்குச் செலவு வரம்பு 5,000 ரூபாய். அச்சிட்ட சுவரொட்டி கூடாது. கட்சிப் பணம் கூடாது. இவை பணபலம் இல்லாத மாணவருக்கு உண்மையிலேயே கைகொடுக்கும் விதிகள். கையால் எழுதிய சுவரொட்டியும் மெஸ்ஸில் சாப்பாட்டு நேரத்துப் பேச்சுமே பிரசாரம் என்றால், ஏழை வேட்பாளரும் மற்றவரோடு சமமாக நிற்கலாம். டெல்லி பல்கலைக்கழகத்தில் இந்த விதிகள் காற்றில் பறந்ததைத்தான் 2024இல் பார்த்தோம். செப்டம்பர் கடைசியில் ஓட்டுப் பதிவு முடிந்தும், நகரெங்கும் ஒட்டிய சுவரொட்டிகளை அகற்றும்வரை எண்ணக் கூடாது என்று உயர் நீதிமன்றம் நிறுத்திவைத்து, நவம்பர் 25 அன்றுதான் எண்ணினார்கள்.

அதே லிங்டோ விதிகளில் வேறு சில, நல்ல நோக்கத்தோடு எழுதப்பட்டு, தவறான ஆளை வெளியே நிறுத்துகின்றன. வேட்பாளருக்குக் குறைந்தது 75 சதவீத வருகைப் பதிவு வேண்டும். போட்டியிடும் ஆண்டில் அரியர் இருக்கக் கூடாது. இளநிலை மாணவர் 22 வயதைத் தாண்டியிருக்கக் கூடாது. தமிழ்வழியில் பிளஸ் டூ முடித்து, முதல் செமஸ்டரில் ஆங்கிலத் தாளில் சறுக்கியவர் யார்? இரவில் கேட்டரிங் வேலைக்கோ காலையில் பேப்பர் போடவோ போய் முதல் பீரியடைத் தவறவிடுபவர் யார்? தங்கை படிக்க வேண்டும் என்று இரண்டு ஆண்டு பனியன் கம்பெனியில் வேலை பார்த்துவிட்டுக் கல்லூரிக்கு வந்தவர் யார்? யாருக்காகப் பேரவை வேண்டும் என்கிறோமோ அவர்கள்தான். ரவுடிகளையும் பத்தாண்டு மாணவர்களையும் தடுக்க எழுதிய விதி இவர்களையும் சேர்த்துத் தடுக்கிறது. அரியர் விதியை முதல் ஆண்டுத் தாள்களுக்குத் தளர்த்தலாம். முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்கு வயது வரம்பை உயர்த்தலாம். அரசு வேலைக்கே வயதுத் தளர்வு தரும் நாடு இது.

விதியைத் தாண்டினால் அடுத்தது எண்ணிக்கை. எந்த வளாகத்திலும் தலித் மாணவர்கள் மட்டும் ஓட்டுப் போட்டு ஒருவர் தலைவராகிவிட முடியாது. ஆகவே தனியாக நிற்பதா, கூட்டணியில் சேர்வதா என்ற கேள்வி முப்பது ஆண்டுகளாக இருக்கிறது. ஹைதராபாத்தில் 1993இல் தொடங்கப்பட்ட அம்பேத்கர் மாணவர் சங்கம் இரண்டையும் செய்து பார்த்துவிட்டது. ரோஹித்தின் மரணத்துக்கு அடுத்த ஆண்டு, 2017இல், இடதுசாரி, தலித், பழங்குடி, முஸ்லிம் மாணவர் அமைப்புகள் சேர்ந்து சமூக நீதிக் கூட்டணியாக நின்று வென்றன. 2018இல் அம்பேத்கர் சங்க அணியும் இடதுசாரி எஸ்.எஃப்.ஐ. அணியும் தனித்தனியே நின்றன, வலதுசாரி மாணவர் அமைப்பான ஏ.பி.வி.பி. எல்லாப் பதவிகளையும் பிடித்தது. 2019இல் மறுபடி சேர்ந்தார்கள், மறுபடி வென்றார்கள். இதைக் கணக்காக மட்டும் படித்தால், எப்போதும் சேர்ந்தே நில்லுங்கள் என்பதே முடிவாகத் தோன்றும். ஆனால் சேர்ந்து நிற்கும்போது யார் தலைவர், யார் துணைச் செயலாளர் என்ற பங்கீட்டில்தான் பழைய வரிசை திரும்ப வருகிறது.

ஜே.என்.யூ.வின் கதையே இதற்குச் சான்று. இடதுசாரி அமைப்புகள் பல பத்தாண்டுகளாகக் கோலோச்சிய அந்தப் பேரவைக்கு 1996இல் பத்திலால் பைரவா தலைவரானார். அவருக்கு அடுத்த தலித் தலைவர் 2024 மார்ச்சில் வென்ற தனஞ்சய். பிகாரின் கயாவிலிருந்து வந்த ஆய்வு மாணவர். இடையில் ஏறக்குறைய மூன்று பத்தாண்டுகள். சாதி ஒழிப்பைப் பேசாத துண்டறிக்கை அங்கே ஒன்றுகூட இருந்திருக்காது. இருந்தும் இவ்வளவு காலம் ஆனது. அந்தக் கோபத்திலிருந்து பிறந்ததுதான் 2014இல் பிர்சா முண்டா பிறந்தநாளில் தொடங்கிய பாப்சா என்ற பிர்சா அம்பேத்கர் பூலே மாணவர் சங்கம். அதன் வேட்பாளர் 2016 தலைவர் தேர்தலில் இரண்டாம் இடம் வந்தார். 2024இல் பாப்சாவின் பிரியான்ஷி ஆர்யா பொதுச்செயலாளராக வென்றார். தங்கள் வேட்பாளரின் மனு தள்ளுபடியான நிலையில் இடதுசாரிகள் அவருக்கு ஆதரவு தந்தார்கள். என் கணிப்பு இது: தனித்து நிற்கும் வலிமையைக் காட்டிய அமைப்புக்குத்தான் கூட்டணியில் மரியாதையான இடம் கிடைக்கிறது. முதல் தேர்தலிலேயே கூட்டணிக்குள் கரைந்துபோகிறவர்களுக்குக் கடைசிப் பதவிதான்.

விளிம்பு என்றால் சாதி மட்டும் இல்லை. மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு உயர்கல்வியில் 5 சதவீத இடம் 2016 சட்டப்படி உண்டு. ஆனால் சக்கர நாற்காலி ஏறாத வகுப்பறைக்கு அந்த இடத்தால் என்ன பயன் என்று கேட்க அவர்களில் ஒருவர் பேரவையில் இருக்க வேண்டும். 2018இல் சென்னை லயோலா கல்லூரியின் மாணவர் பேரவைக்கு ஒரு திருநங்கை இணைச் செயலாளராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். மாணவர்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதுதான் அதில் மதிப்புள்ள பகுதி.

இனி தமிழ்நாடு. 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தைக் கட்டியெழுப்பியவர்கள் மாணவர்கள். அவர்களில் ஒருவரான பெ. சீனிவாசன் 1967இல் விருதுநகரில் காமராஜரையே தோற்கடித்தார். அப்படிப்பட்ட மாநிலத்தில் இன்று பெரும்பாலான அரசுக் கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் மாணவர் பேரவைத் தேர்தல் நடப்பதில்லை. பேரவை இருக்கும் இடங்களிலும் பல கல்லூரிகளில் முதல்வர் பெயர் சொன்னால் அவர் தலைவர். கேரளத்தில் கல்லூரித் தேர்தல் என்றால் ஊரே பேசுகிறது. புதுச்சேரிப் பல்கலைக்கழகத்திலும் தேர்தல் நடந்திருக்கிறது. அறுபத்தொன்பது சதவீத இடஒதுக்கீட்டை அரசியல் சட்டத்தின் ஒன்பதாம் அட்டவணை வரை கொண்டுபோய்ச் சேர்த்த மாநிலம், அந்த இடஒதுக்கீட்டில் உள்ளே வந்த பிள்ளைகளுக்குப் பேரவையில் ஓட்டுப் போடும் உரிமையைத் தரவில்லை. இதை நான் ஒரு குறையாக மட்டும் பார்க்கவில்லை, அநீதியாகவே பார்க்கிறேன்.

இதற்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்றைத்தான் மதித்துப் பதில் சொல்ல வேண்டும்: தேர்தல் வைத்தால் சாதிக் கலவரம் வரும் என்பது. தென்மாவட்டத்துக் கல்லூரிகளில் வேலை செய்யும் ஆசிரியர்கள் இதைச் சொல்லும்போது அது வெறும் சாக்கு இல்லை. மணிக்கட்டில் கட்டிய கயிற்றின் நிறத்தை வைத்தே யார் எந்தச் சாதி என்று மாணவர்கள் அறிந்துகொள்ளும் நிலை பள்ளியிலேயே இருக்கிறது. ஆனால் தேர்தலை நிறுத்தியதால் சாதி நின்றுவிட்டதா? 2008 நவம்பர் 12 அன்று சென்னை சட்டக் கல்லூரியில், போலீஸ் பார்த்துக்கொண்டு நிற்க, மாணவர்கள் ஒருவரை ஒருவர் உயிர்போகும் அளவுக்கு அடித்துக்கொண்டார்கள். தேவர் ஜெயந்தி சுவரொட்டியில் கல்லூரிப் பெயரிலிருந்து அம்பேத்கர் பெயரை விட்டதில் மூண்ட பகை அது. ஐ.ஐ.டி. சென்னையில் 2015இல் அம்பேத்கர் பெரியார் வாசகர் வட்டத்தின் அங்கீகாரத்தை நிர்வாகம் பறித்தது; நாடு தழுவிய எதிர்ப்புக்குப் பிறகே திருப்பித் தந்தது. சென்னையில் பஸ் ரூட்டுக்கு ஒரு தலைவன் என்று ‘ரூட்டு தல’ உருவாவதும் தேர்தல் இல்லாததோடு தொடர்புடையதுதான் என்று நினைக்கிறேன். தலைமை ஏற்கும் துடிப்புள்ள பிள்ளைகளுக்குக் கல்லூரிக்குள் முறையான இடம் இல்லை. வெளியே கத்தியும் கம்புமாக வேறோர் இடம் காத்திருக்கிறது. தேர்தலில் நிற்பவர் தன் சாதி ஓட்டை மட்டும் வைத்து வெல்ல முடியாது. மற்ற விடுதிக்கும் போய்க் கும்பிடு போட வேண்டும். அந்தக் கட்டாயமே ஒரு பயிற்சி.

தமிழ்நாடு இதே அச்சத்தை வேறொரு தேர்தலில் ஒருமுறை தாண்டியிருக்கிறது. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தல் ஆகிய ஊராட்சிகள் 1996இல் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டன. மனுத் தாக்கல் செய்ய ஆள் வராமலும், வந்து வென்றவர் உடனே ராஜினாமா செய்யவைக்கப்பட்டும் பத்தாண்டுகள் அங்கே தலைவர் இல்லை. மேலவளவில் அதே ஒதுக்கீட்டில் ஊராட்சித் தலைவரான முருகேசன் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொல்லப்பட்டார். அதைக் காட்டி ஒதுக்கீட்டையே எடுத்துவிடலாம் என்று அரசு முடிவெடுக்கவில்லை. 2006 அக்டோபரில் நான்கு ஊராட்சிகளிலும் தேர்தல் நடந்தது. தேர்தல் நடந்ததாலேயே எல்லாம் சரியாகிவிடவில்லை என்பதும் உண்மை. 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் தலித் பெண் தலைவர் கூட்டத்தில் தரையில் உட்கார வைக்கப்பட்டார். ஆனால் அவர் தலைவராக இருந்ததால்தான் அது மாநிலத்தையே உலுக்கிய செய்தியானது, வழக்கானது.

ஊராட்சியில் முடிந்தது கல்லூரியில் ஏன் முடியாது? பேரவைத் தலைவர் பதவியையோ செயலாளர் பதவியையோ சுழற்சி முறையில் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கும் பெண்களுக்கும் ஒதுக்கலாம். மாற்றுத்திறனாளிக்கும் திருநர் மாணவருக்கும் செயற்குழுவில் இடம் வைக்கலாம். பதற்றமான கல்லூரிகளில் முதலில் வகுப்புப் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுத்து, அவர்கள் வழியாகப் பேரவையை அமைக்கலாம். லிங்டோ குழுவே இந்த இரண்டடுக்கு முறையை ஒரு வழியாகச் சொல்லியிருக்கிறது. விடுதிக் குழு, உதவித்தொகைக் குழு, குறைதீர்ப்புக் குழு மூன்றிலும் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் உட்கார வேண்டும். அவர்கள் கேட்ட கேள்வியும் நிர்வாகம் சொன்ன பதிலும் கூட்டக் குறிப்பில் ஏற வேண்டும். வேட்பாளராக நின்றதற்காக ஒருவரின் இன்டர்னல் மதிப்பெண்ணில் கை வைக்கப்பட்டால் விசாரிக்கக் கல்லூரிக்கு வெளியே ஓர் அலுவலர் வேண்டும். கடைசியாகச் சொன்னது சின்ன விஷயமாகத் தெரியலாம். நிற்கத் தயங்கும் பிள்ளைகளிடம் கேட்டுப் பார்த்தால் அவர்கள் முதலில் சொல்லும் பயம் அதுதான்.

நியமன முறையில் பேரவை நடத்தும் கல்லூரிகள் ஐந்தாண்டுக்குள் தேர்தல் முறைக்கு மாற வேண்டும் என்பது லிங்டோ குழுவின் பரிந்துரை. அந்தக் கெடு 2011இலேயே முடிந்துவிட்டது. உயர்கல்வித் துறை இந்தக் கல்வியாண்டிலேயே தேர்தல் அறிவிக்கையை வெளியிட வேண்டும். அதுவரை, கல்லூரியில் படிக்கும் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், அவருடைய கல்லூரியின் பேரவைத் தலைவர் எப்படித் தேர்ந்தெடுக்கப்பட்டார் என்று முதல்வருக்கு ஒரு கடிதம் எழுதிக் கேளுங்கள்.